சமையலறை நிலையில் ஒரு சிவப்புக் கோடு

கப்பலா, தீம் பார்க்கா என்று எங்கள் வீட்டில் ஒரு வருடமாகச் சண்டை. மற்ற வீடுகளில் இந்த மாதிரி விஷயத்தை அப்பாவும் அம்மாவும் பேசி முடித்துவிட்டுப் பிள்ளைகளிடம் கடைசியில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் வாய் உண்டு, நான்கும் நீளம்.

என் கணவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுபவர். வேலை செய்யும் இடத்தில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். ஒரு கல் பக்கத்துக் கல்லைவிட ஒரு மயிரிழை தூக்கியிருந்தாலும் பெயர்த்து எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனால் கை கழுவும் இடத்தில் ஆளைத் தேட வேண்டியிருக்கும். மூலையில் குனிந்து நின்று, "எவன்யா இதை ஒட்டினது?" என்று சுவரைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மகளுக்கு எட்டு வயது. வீட்டில் பெரியவள் என்று கூப்பிடுகிறோம். பேர்தான் பெரியவள், வகுப்பில் அவளைவிடக் குள்ளமாக யாரும் கிடையாது. என்னைக் கொண்டு பிறந்துவிட்டாள், பாவம். சின்னவனுக்கு மூன்று வயது. ஐஸ்கிரீம் எந்தப் பக்கமோ அவன் ஓட்டு அந்தப் பக்கம்.

பெரியவளுக்குத் தீம் பார்க்தான் வேண்டும். போன வருடம் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனார்கள். ரோலர் கோஸ்டர் வாசலில் உயரம் பார்க்கும் பலகை ஒன்று இருந்ததாம். தோழிகள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். இவள் பலகைக்கு எட்டவில்லை. டீச்சர் பக்கத்தில், அத்தனை பேருடைய தண்ணீர் பாட்டில்களையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அழவில்லை. "மேலேருந்து எல்லாரும் எனக்கு டாட்டா காட்டினாங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பதில் அழுதே தொலைத்திருக்கலாம்.

எனக்குக் கப்பல். ஏன் என்று கேட்டால், சமைக்க வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம், காலை நீட்டிக் கடலைப் பார்க்கலாம் என்பேன். பொய் இல்லை, ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி என் கணவரின் முட்டி. ஊரில் மற்ற பெண்கள் புருஷனை வெளியிலிருந்துதான் பார்த்திருப்பார்கள், நான் உள்ளேயும் பார்த்தவள். நாளெல்லாம் தரையில் மண்டி போட்ட முட்டியை நானேதான் படம் எடுத்தேன். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி அதில் இல்லை. "முடிஞ்ச வரைக்கும் உக்காரச் சொல்லுங்க" என்றார் டாக்டர். உட்காருகிற ஜென்மமா அது? தீம் பார்க் போனால் சின்னவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு காலையிலிருந்து இருட்டும் வரை வரிசையில் நிற்பார். கப்பலில் எங்கே ஓடுவார்? நடுக்கடலில் ஒட்டுவதற்குத் தரையும் கிடைக்காது. ஆனால் இதை நான் யாரிடமும் சொல்ல முடியாது. முட்டியைப் பற்றிப் பிள்ளைகள் காதில் ஒரு வார்த்தை விழக் கூடாது என்பது வீட்டில் அவர் போட்ட சட்டம்.

சண்டையை முடிக்க அவரே ஒரு வழி சொன்னார். பார்க்கில் கேட்கும் உயரத்தைச் சரியாக அளந்து, சமையலறைக் கதவு நிலையில் உள்பக்கமாக ஒரு சிவப்புக் கோடு போட்டார்.

"அடுத்த லீவுக்குள்ள உன் தலை இந்தக் கோட்டைத் தொட்டா தீம் பார்க். தொடலைன்னா அம்மா சொல்ற கப்பல். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் பெரியவள். அவள் தலைக்கும் கோட்டுக்கும் இருந்த தூரத்தைப் பார்த்துவிட்டு நானும் சம்மதம் என்றேன். கப்பலில் எந்தச் சட்டையைப் போடலாம் என்று அன்றைக்கே யோசித்தேன், பொய் சொல்வானேன்.

ஆனால் அவள் விட்டாளா? முட்டையை மூஞ்சியைச் சுளிக்காமல் தின்றாள். பூங்காவில் கம்பியைப் பிடித்து, கை சிவக்கும் வரை வௌவால் மாதிரி தொங்கினாள். தூங்கும்போது காலை மடக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், சின்னவனைக் கால்மாட்டில் படுக்கவிட்டு அவன்மேல் காலை நீட்டி வைத்துத் தூங்கினாள். வாரத்துக்கு ஒரு தரமாவது நிலையில் முதுகை ஒட்டி நின்று, "அம்மா, பாரேன்" என்பாள். எட்டாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் இன்னொரு டம்ளர் பால் குடிப்பாள். எனக்கே மனசு பிசையும்.

லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை அளக்கும் நாள். மில்லிமீட்டர் அளந்தால் சும்மா அளப்பாரா? குளித்துவிட்டு வந்தார். மகளின் குதிகால், முதுகு, தலை மூன்றும் நிலையில் ஒட்டியிருக்கிறதா என்று மண்டி போட்டுப் பார்த்தார். பிறகு தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து அவள் தலைமேல் வைத்தார். உள்ளே இருந்த குமிழி நடுவில் வந்து நின்றது. ரசமட்டத்தின் அடி சிவப்புக் கோட்டில் அப்படியே உட்கார்ந்தது.

"தொட்டுட்டா!" என்று கத்தினார்.

பெரியவள் தலைகால் புரியாமல் குதித்தாள். சின்னவனும் எதற்கென்று தெரியாமல் கூடக் குதித்தான். நான் தோற்றுவிட்டேன், ஆனாலும் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். பிள்ளை ஜெயிப்பதைப் பார்க்கும்போது முட்டியாவது ஒன்றாவது என்றிருந்தது. நாளைக்கு டிக்கெட் போட்டுவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

மறுநாள் எனக்கு விடுமுறை. போனை எடுத்து டிக்கெட் பக்கத்தைத் திறக்கும் நேரத்தில் சின்னவன் பிஸ்கட் கேட்டான். அந்த டப்பாவை இவன் கைக்குப் பயந்து சமையலறைச் சுவர் அலமாரியின் உச்சித் தட்டில் வைத்திருப்பேன். எடுக்க முன்பெல்லாம் எனக்கே முக்காலி வேண்டும். கொஞ்ச மாதங்களாக முக்காலி இல்லாமல், நுனிக்காலில் நின்றாலே விரல் எட்டிவிடுகிறது. காலையில் செய்யும் உடற்பயிற்சியின் பலன் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

டப்பாவோடு திரும்பினால் சின்னவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அம்மா, நீயும் வளந்துட்டியா?"

முப்பத்தாறு வயதில் ஒருத்தி வளர்வாளா? சிரித்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து காலைப் பார்த்தேன். காலுக்குக் கீழே பளபளவென்று கறுப்பு டைல்ஸ். சமையலறையில் குழாய் கசிந்து பழைய தரை கறைபட்டுப் போனதால், நடுவில் ஒரு மாதம் இவர் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து ஒட்டியது. பழையதைப் பெயர்க்கவில்லை. பழைய தரை மேலேயே பசை பூசி, பசைமேல் புதுக் கல். கோடு போட்டது அதற்கு முன்னால். பிள்ளையை அளந்தது அதற்குப் பின்னால். நானும் வளரவில்லை, அவளும் அவ்வளவு வளரவில்லை. தரைதான் வளர்ந்திருந்தது.

போனைக் கீழே வைத்துவிட்டேன். நான் வாயைத் திறந்தால் கப்பல் என் கையில். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. சொன்னால் பிள்ளை முகம் இன்றைக்கு வாடும். சொல்லாவிட்டால் அந்தப் பலகை முன்னால், ஊரார் பார்க்க, இரண்டாம் தடவையாக வாடும்.

சாயங்காலம் அவர் வந்ததும் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னங்க, இந்தக் கோட்டைத் தரையிலேருந்து ஒரு தடவை அளங்க."

"அதான் அளந்துதானே போட்டேன்?"

"எப்ப?"

"போன வருஷம்."

"அதுக்கப்புறம் கீழ என்ன பண்ணீங்க?"

அவர் கீழே பார்த்தார். டேப்பை எடுத்தார். அளந்தார். மறுபடி அளந்தார். ஒரு விரல் தடிமன் குறைந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கதவு இடிக்கும்னு அடியில சீவினேனே. கால் தடுக்கும்னு வாசல்ல சரிவு வச்சேனே. எல்லாத்தையும் பாத்தேனே."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். என் மில்லிமீட்டருக்குத் தரையே ஏறிவிட்டது. இன்னொரு நாளாக இருந்தால் ஒரு மாதத்துக்கு வைத்துக் கலாய்த்திருப்பேன், அந்த முகத்தைப் பார்த்து மனசு வரவில்லை.

பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு விரல்தானே? ஷூவுக்குள்ள கார்க் மாதிரி ஏதாவது..."

"வாயை மூடுங்க. ரோலர் கோஸ்டர்ல மடிமேல வர்ற கம்பி பிள்ளையைப் பிடிச்சுக்கணும்னுதான் உயரம் பாக்கறாங்க. கல்லு ஒரு மில்லிமீட்டர் தூக்கினா பேக்கற மனுஷன், பெத்த பிள்ளைக்குக் கார்க் வைப்பீங்களா?"

"தரையைப் பேத்துடட்டுமா?"

"பேத்தா அவ வளந்துடுவாளா?"

அவர் எழுந்துபோய்ப் பெரியவளைக் கூட்டிவந்தார். அதே நிலையில், ஹால் பக்கமாக நிறுத்தினார். அந்தப் பக்கம் பழைய தரை. தலைக்குமேல் ரசமட்டத்தை வைத்தார். உள்பக்கம் இருந்த கோடு அதற்குமேல் தெரிந்தது. "தப்பு உன்னோடது இல்லம்மா. அப்பா தரையை ஏத்திட்டேன், கோட்டை ஏத்த மறந்துட்டேன்" என்றார். "தொட்டுட்டா!" என்று கத்தியவர், அதே வாயால் இதையும் சொன்னார். அதற்கே எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

பெரியவள் கோட்டைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"யாரு கண்டுபிடிச்சது?"

"அம்மா."

என்னைப் பார்த்து, "உனக்குக் கப்பல் வேணும். அதான் கண்டுபிடிச்ச" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுருக்கென்று தைத்தது. இல்லடி என்று சொல்லலாம் என்றால், கப்பல் எனக்கு வேண்டியதுதானே? சின்னவன் அக்காவைச் சமாதானப்படுத்த ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பிஸ்கட்டைத் தானே தின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

நான் போய்க் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆமாடி, எனக்குக் கப்பல் வேணும்தான். ஏன்னு சொல்லவா?"

அவர் போட்ட சட்டத்தை அன்றைக்கு உடைத்தேன். என் இரண்டு கைமுஷ்டியையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினேன். "இது அப்பாவோட முட்டி. நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கணும். தரையில மண்டி போட்டுப் போட்டு அது தேஞ்சுபோச்சு. இப்ப எலும்பும் எலும்பும் இடிக்குது."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

"என்னை அளக்கறப்ப மண்டி போட்டாரே, அப்பகூடவா?"

"அப்பகூடத்தான்."

அப்போதுதான் அழுதாள். அவ்வளவு நேரமும் உயரத்துக்காக அடக்கி வைத்திருந்த அழுகை, முட்டிக்காக வந்தது. நானும் அழுதேன். எனக்கு அவள்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

"இங்க பாரு, இந்தத் தடவை நான் விட்டுக்கொடுக்கறேன். தீம் பார்க்கே போலாம். ரோலர் கோஸ்டர் இல்லைன்னா என்ன, மத்த ராட்டினமெல்லாம் இருக்கில்ல?" நிஜமாகவே சொன்னேன்.

மூக்கை என் சட்டைக் கையில் துடைத்தாள். "மறுபடி எல்லார் பாட்டிலையும் பிடிச்சுட்டுக் கீழ நிக்கவா? வேணாம். சொன்னா சொன்னதுதான். கோட்டைத் தொடல. கப்பல்." கொஞ்சம் யோசித்தாள். "அடுத்த வருஷம் நான் தொட்டுடுவேன். அப்ப பார்க் போலாம். நான் ஏறுவேன். அப்பா கீழ உக்காந்து பாட்டிலைப் பிடிச்சுக்கட்டும்."

அன்றைக்கே புதுக் கோடு போட்டார்கள். டேப்பின் கீழ் முனையைப் பெரியவள் பிடித்துக்கொண்டாள். "நான் கீழ பாத்துக்கறேன், நீ எழுந்திரு" என்று அவரை மண்டி போடவிடவில்லை. அவர் என்னை முறைத்தார். நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கப்பலின் மேல்தளத்தில் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ச் சறுக்கு ஒன்று இருந்தது. அதற்கும் வாசலில் ஒரு பலகை. சீருடை போட்ட பையன் இவளைக் கையசைத்துக் கூப்பிட்டான். இவள் பலகை பக்கம் போகவில்லை, குனிந்து தரையைப் பார்த்தாள்.

"அண்ணா, இந்தப் பலகை வச்சதுக்கு அப்புறம் தரை போட்டீங்களா?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இவள் அப்பாவின் கால்சட்டைப் பையிலிருந்து முன்பே உருவி வைத்திருந்த டேப்பை நீட்டி, கோட்டைத் தரையிலிருந்து தானே அளந்தாள். சரியாக இருந்தது. அப்புறம்தான் முதுகை ஒட்டி நின்றாள். கோட்டைத் தாண்டித் தலை இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் படியேறினாள்.

"பாத்தீங்களா உங்க பொண்ணை?" என்று திரும்பினேன். அவர் பார்க்கவில்லை. சாய்வு நாற்காலியில் இரண்டு காலையும் நீட்டி, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் எங்கள் நான்கு பேருடைய தண்ணீர் பாட்டில்களும் இருந்தன.