முனிராஜின் நடுக்கம்

அடுகோடி ஐஸ் ஃபேக்டரியில் நான் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஐஸ் அடுக்கும் அறைக்குள் போகிறவன் முதலில் ஒரு மடக்கு சாராயம் குடிக்க வேண்டும். காது மடல் வரைக்கும் சூடேறும். அந்தச் சூடு குளிரை அண்டவிடாது என்று எல்லோரும் நம்பினோம். முதலாளியும் நம்பினார். பாட்டில் வாங்கித் தருவதே அவர்தான்.

1957இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வேலை தலைக்கு மேல் கிடந்தது. அன்று உள்ளே போனவன் முனிராஜ், என் தங்கை பாஞ்சாலியின் புருஷன். ஐஸ் உறையவைக்கிற தொட்டியின் உப்புத் தண்ணீர் கொட்டி அவன் சட்டை நனைந்திருந்தது. நம் வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே என்று இரண்டு மடக்கு ஊற்றினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உள்ளே போகிறவர்கள் அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து வெயிலில் நிற்பார்கள். அவன் வரவில்லை. பெல்ட் அறுந்து நான் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் எனக்கு உறைக்கவில்லை. நினைவு வந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

பனிக்கட்டிகளுக்கு நடுவே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். "புழுங்குது மச்சான்" என்றான், நாக்கு குழற.

தூக்கிவந்து வராந்தாவில் கிடத்தினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் உடம்பில் துளி நடுக்கம் இல்லை.

"நடுக்கம் நின்னுடுச்சுப்பா, இனி பயமில்ல" என்றார் மேஸ்திரி கோவிந்தப்பா. எனக்கும் உயிர் வந்தது. மறுபடி பாட்டிலை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி வார்டுக்கு ஐஸ் வாங்க வந்திருந்த நர்ஸ் மௌரீன் என் கையைப் பிடித்துக்கொண்டார். விவேக் நகர்க்காரர். எங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர்.

"குடுக்காத மேன். அது உள்ள இருக்கற சூட்டைத் தோலுக்குக் கொண்டாந்து வெளிய விட்டுடும். நடுங்கறதுக்குக்கூட இவன்கிட்ட தெம்பு இல்ல, அதான் நின்னுபோச்சு."

கோவிந்தப்பா அவன் காலைத் தேய்க்கப் போனார். அதையும் தடுத்தார். "கை கால் போனாப் போவட்டும்னு உடம்பு ரத்தத்தை நெஞ்சுக்கு இழுத்துக்கிச்சு. அதோட வேலைய நீ கெடுக்காத."

மௌரீன் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷத்துக்கு முப்பது துடிப்பு என்றார். ஈரத்துணியை உருவிவிட்டு கம்பளி போர்த்தினோம். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் ஒட்டிப் படுக்க வேண்டும் என்றார். அங்கேயே ஐஸ் உருகாமல் இருக்க மரத்தூள் கொட்டும் வேலையை விட்டு ஓடிவந்த பாஞ்சாலி, இருபது ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க, கம்பளிக்குள் புகுந்து அவனைக் கட்டிக்கொண்டாள். மறுபக்கம் நான் படுத்தேன்.

பிணத்தைக் கட்டிக்கொண்டது போலத்தான் இருந்தது. அவன் நெஞ்சில் காதை வைத்தேன். ஒரு துடிப்பு கேட்டது. அடுத்ததற்குக் காத்திருந்தேன். வந்தது. குடித்துவிட்டு உளறுகிற, சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிற இந்த முனிராஜுக்குள், அவனுக்கே தெரியாமல் ஒன்று கதவையெல்லாம் சாத்திவிட்டு ஒரே ஒரு விளக்கைக் காத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

எவ்வளவு நேரம் ஆனதோ, அவன் தாடை ஆடியது. பிறகு தோள். பிறகு மொத்த உடம்பும் தூக்கிப் போட்டது. பல் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"அய்யோ, ஜன்னி வந்துருச்சுண்ணா" என்றாள் பாஞ்சாலி.

"ஜன்னி இல்ல. அடுப்பு பத்திக்கிச்சு. நல்லா நடுங்கட்டும்" என்றார் மௌரீன். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த நடுக்கம் என் விலா எலும்பில் இடித்தது. இத்தனை பலம் எங்கே இருந்து வந்தது என்று மலைத்துப்போனேன். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முதுகு சுட ஆரம்பித்தது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"பாஞ்சாலி, ரெண்டு மடக்கு ஊத்திக் குடுத்தது நான்தாம்மா."

அவள் அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். என்னைச் சபிப்பாள் என்று நினைத்தேன். அவள் கை நீண்டு என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

"அத நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப நெருங்கி வா, நடுவுல காத்து போவுது."