ஜம் ஜாயேகா

நல்ல அண்டை வீட்டுக்காரருக்கு போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் விலை, ஒரு வைஃபை பாஸ்வேர்டு. எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். கொஞ்சம் கீழே இருக்கும் ஜம்புலிங்கம் அண்ணன் வீட்டு வாசல் குழாயிலோ, ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலையில் தண்ணீர் கொட்டும். என் மனைவி கரீமா அங்கே குடம் வைப்பாள். பதிலுக்கு என் வைஃபையில் அவரும் பொன்னம்மா அக்காவும், சிம்லாவுக்கு மேலே ஏதோ மலையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் ஷோபனாவோடு பேசுவார்கள். ஷோபனாவுக்கு இது நிறைமாதம்.

டிசம்பரில் ஒரு தண்ணீர் நாளன்று கரீமா வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். “குழாய்க்குச் சட்டை போட்டு வச்சிருக்காங்க, முடிச்சை அவுக்க முடியல” என்றாள். போய்ப் பார்த்தேன். பழைய துண்டு, அதன்மேல் சாக்கு, அதன்மேல் பாலித்தீன், நைலான் கயிற்றில் முரட்டு முடிச்சுகள். அபர்டீன் பஜாரில் குழாய்ச் சாமான் விற்கிறவன் நான். மூடி வைத்த சரக்கை நம்பியதில்லை. ஜம்புலிங்கம் அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“என்னண்ணே, குழாய்க்குக் குளிருதா?”

அவர் முகம் மாறியது. “சும்மா பாய். ஒரு பாதுகாப்புக்கு.”

எங்களைத் தவிர அந்தக் குழாய்க்கு யார் வருகிறார்கள்? பாதுகாப்பு யாரிடமிருந்து?

அன்று சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் மருமகனின் வாய்ஸ் மெசேஜ் திரும்பத் திரும்ப ஓடியது. மருமகன் மலைக்காரர், இந்திதான். “பாபா, பாஹர் கா நல் ஜம் ஜாயேகா. ஷாம் கோ பாந்த் தேனா.” என் இந்தி கடையில் கற்றது. “நல் ஜாம் ஹோ கயா” என்று பெங்காலிக்காரர் வந்தால் வாஷரை எடுத்துக் கொடுப்பேன். வெளிக்குழாய் ஜாம் ஆகும், சாயங்காலமே கட்டிவிடு. எனக்குப் புரிந்துபோயிற்று. இன்றைக்குக் கட்டுவார், நாளைக்கு ‘ஜாம் ஆயிடுச்சு பாய்’ என்று கையை விரிப்பார். தண்ணீரை வேறு யாருக்கோ பேசி முடித்தாயிற்று.

சாப்பிட உட்காரும் முன் பாஸ்வேர்டை மாற்றினேன்.

மறுநாள் பொன்னம்மா அக்கா போனும் கையுமாக வந்தார். “பாய், நெட்டு வரலையே. இடுப்பு வலிக்குதுன்னு நேத்து சொன்னா புள்ள.”

“கடலுக்கடியில கேபிள் போயிருக்கும்க்கா. சென்னையிலேர்ந்துல்ல வருது. மீன் கீன் கடிச்சிருக்கும்.”

எனக்குப் பின்னால் கரீமாவின் போனில் மெயின்லேண்ட் சீரியல் ஒன்று தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கேட்டார், என்னைப் பார்த்தார். ரோட்டுக்குப் போய் போனை ஆகாயத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

“எந்தக் கேபிளுங்க அது?” பாலில் உறைமோர் ஊற்றிக்கொண்டே கரீமா கேட்டாள். மருமகன் மெசேஜிலிருந்து பாஸ்வேர்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“யா அல்லாஹ்! ஜாம் இல்லங்க, ஜம். காலையில தயிரைப் பாத்து ‘தஹி ஜம் கயா’ங்குறோமே, அந்த ஜம். ஒறையறது. அவுக ஊருல தண்ணியே ஒறையுமாம்ல.”

“போர்ட் பிளேர்லயா ஒறையுது?”

“அதை அவுககிட்டயே கேளுங்க. மொதல்ல ரோட்டுல நிக்கிறவுகளை உள்ள கூப்பிடுங்க.”

பழைய பாஸ்வேர்டைப் போட்டதும் கீழ் வீட்டு போன்கள் இரண்டும் ஒரே சமயத்தில் கத்தின. கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல்: “பொய் வலியாம்!” எந்தப் பொய்யைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு கணம் திக்கென்றது.

சாயங்காலம் கடையிலிருந்து, ஏசி பைப்புக்குப் போடும் கறுப்பு ஃபோம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“பேறுகாலத்துக்குப் போறோம் பாய். மாப்பிள்ளைக்கு நைட் டூட்டி. சாயங்காலம் குழாயைக் கட்டுறது என் வேலையாம். கட்டலேன்னா பைப்பே வெடிச்சிருமாம். நான் ஐஸைப் பாத்ததெல்லாம் மீன் மார்க்கெட்லதான். அங்க போயி மாப்பிள்ளை முன்னாடி முழிக்கக் கூடாதுல்ல? அதான் இங்கயே ட்ரையல்.”

“இதைச் சொன்னா என்னண்ணே?”

“நீங்க பஜார் பூரா சொல்லிச் சிரிப்பீங்களே.”

உண்மைதான். ஃபோமை நீளவாக்கில் கீறிக் குழாய்க்குப் போட்டுக் காட்டினேன். கயிறே தேவைப்படவில்லை. வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பொங்கல் இன்னும் தூரத்தில் இருந்தது; விற்கிற வீட்டுக்குத்தான் இப்படி முன்கூட்டியே அடிப்பார்கள்.

“எப்ப திரும்பி வருவீங்க?”

“பார்ப்போம் பாய்.”

பஜாரில் ‘பார்ப்போம்’ என்று படியிறங்கிய ஆள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

“இதுக்கு எவ்வளவு?” என்றார் அவர்.

கடன் கிடையாது என்று கடையில் போர்டே தொங்கவிட்டிருக்கிறேன். “திரும்பி வந்து குடுங்கண்ணே” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு பர்ஸைத் திறந்தார். நான் கையை நீட்டவில்லை. நோட்டை மதில்மேல் வைத்து, மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தார். “கணக்கு நிக்க வேணாம் பாய்” என்று உள்ளே போனார்.

மறுநாள் தண்ணீர் நாள். கரீமா குடத்தை வைத்தாள். கறுப்புச் சட்டைக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. இத்தனை வருஷத் தண்ணீருக்கு இத்தனை வருஷ வைஃபை சரி. கேபிளைக் கடித்த மீன் ஒன்று என் பற்றுக் கணக்கில் நிற்கிறது. வெள்ளையடித்த சுவரை வரவில் எழுதுவதா பற்றில் எழுதுவதா என்று தெரியவில்லை. கல்லுக்கடியில் பனியில் நனைந்து கிடந்தது நோட்டு. அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.