பௌர்ணமி எல்லை

நில அளவை அலுவலகத்திலிருந்து அந்தப் பெண்ணைத்தான் அனுப்ப வேண்டும் என்று மேலிடம் வரை போய்ச் சிபாரிசு பிடித்தவன், அவளுடைய சொந்த அண்ணன். தங்கைதானே, வளைந்து கொடுப்பாள் என்ற நினைப்பு. ஆறு வருடம் முன்பு அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வைத்தியத்துக்கு என்று சொல்லி அவளிடம் கையெழுத்து வாங்கி, கடலோர நிலம் முழுவதையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டவன். அதை அவள் மறந்திருப்பாள் என்று நம்பினானே, அந்தத் தைரியத்தை என்னவென்று சொல்வது.

ஆள் நடமாட்டமே இல்லாத கரை அது. ஆமைகள் வந்து முட்டையிட்டுப் போகும். அங்கே ஒரு செங்கல்கூட விழக் கூடாது என்பார் அப்பா. அண்ணனுக்கோ நான்கு மாடி ஹோட்டல் கட்ட வேண்டும். கடல் மிக அதிகமாக ஏறும் எல்லையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளித்தான் எதையும் கட்டலாம் என்பது சட்டம். சாதாரண நாட்களில், கரையில் ஒதுங்கிக் காய்ந்த பாசியை வைத்து அந்த எல்லையைக் குறிப்பார்கள். அண்ணன் விவரமானவன். ஆள் வைத்துப் பாசியை வாரி, தண்ணீருக்குப் பக்கத்திலேயே வரிசையாகப் பரப்பிவிட்டான்.

அளக்கும் நாளையும் அவனே குறித்தான். ஹோட்டலுக்குப் பணம் போட வரும் கூட்டாளிகளை நாள் முழுக்க அங்கேயே வைத்திருந்து, நிலா வெளிச்சத்தில் கடலைக் காட்டி மயக்க வேண்டுமாம். அதனால் பௌர்ணமி. அன்று கடல் எதுவரை ஏறும் என்று அவளுக்குத் தெரியும். வாயே திறக்கவில்லை. ஆறு வருடம் பொறுத்தவளுக்கு ஆறு நாள் பெரிதா?

காலை ஒன்பது மணிக்கு அளவைக் கருவியை நிறுத்திவிட்டு மணலில் உட்கார்ந்தாள். அண்ணன் பாசியைக் காட்டி, எழுதிக்கொள்ளச் சொன்னான். தண்ணீர் ஏறட்டும் என்றாள். பத்தரைக்குள் கடல் அந்தப் பாசியை அள்ளிக்கொண்டு மேலே வந்து, கூட்டாளிகளின் கார்ச் சக்கரத்தை நனைத்துவிட்டுத்தான் நின்றது. நின்ற இடத்தில் முளை அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இருநூறு மீட்டர் போக அண்ணனுக்கு மிஞ்சியதில் ஒரு நாய்க்கூண்டு வைக்கலாம். கூட்டாளிகள் நிலாவுக்குக் காத்திருக்கவில்லை.

அண்ணன் குழைந்தான்.

"முளையைக் கொஞ்சம் கீழ தள்ளிப் போடும்மா. உனக்குப் பாதி எழுதித் தரேன்."

"வேண்டாம்ணா."

"இதுல உனக்கு என்ன கிடைக்கப் போகுது?"

"ஒண்ணும் கிடைக்காது. உனக்கும் கிடைக்காது பாரு, அது போதும் எனக்கு."

சொல்லிவிட்டு, கருவியை ஜீப் வரை தூக்கிவரச் சொன்னாள். அவனுக்கு இன்னும் நப்பாசை விடவில்லை. தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.