இழைப்பு மேசையில் படுத்தவன்

வெள்ளம் வடிந்த மறுவாரம், வண்ணார்பேட்டையில் கைலாசத்தின் பட்டறையில் இருந்த பெரிய இரும்பு இழைப்பு மெஷினின் மேசைமேல், ஆற்றோடு போன பட்டறை ஆள் சத்தியநேசன் துருவாகப் படுத்திருந்தான். ஆள் நீளத்துக்கு, ஒருக்களித்து, ஒரு முழங்காலை மடக்கி, கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக் கிடந்தான். சேற்றை வாரிவிட்டு ஹோஸ் பைப்பால் கழுவியபோதுதான் தெரிந்தது. மற்ற மெஷின்களிலும் துரு ஏறியிருந்தது. அது எந்த இரும்பிலும் ஏறுவதுபோலத் திட்டுத்திட்டாக இருந்தது.

மார்கழி பிறந்த அன்று, மோட்டார்களைக் கழற்றிப் பரணில் ஏற்றச் சொல்லி அவனை அனுப்பியது பட்டறை முதலாளி கைலாசம்தான். அது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஷட்டரைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. மோட்டார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் உடல் கிடைக்கவில்லை. உவரியில் அவன் அம்மா முத்துராணி, உடம்பு வராமல் குழி வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

பட்டறையின் மூத்த மெக்கானிக் அருணாசலம் முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து உப்புத்தாளால் தேய்த்தார். சாயங்காலத்துக்குள் வார்ப்பிரும்பு வெளுத்துவிட்டது. காலையில் வந்து பார்த்தால் சத்தியநேசன் மல்லாந்து படுத்திருந்தான். வினிகரில் நனைத்த துணியைப் போர்த்திப் பார்த்தார்கள். புளியும் உப்பும் கரைத்து அப்பினார்கள். கடையில் விற்கும் துரு நீக்கியை வாங்கிவந்து ஊற்றினார்கள். ஈரம் அண்டாமலிருக்க எண்ணெய் தடவி, மெழுகு பூசி, அடியில் குண்டு பல்பை எரியவிட்டு, சுற்றிலும் கற்பூரக் கட்டிகளை வைத்தார்கள். குப்புறப் படுத்தான், புரண்டு படுத்தான், பங்குனி வாக்கில் தாடி வளர்ந்திருந்தது. பட்டறை ஆட்கள் அந்த மேசையில் டீ கிளாஸ் வைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். தேய்க்கத் தேய்க்க மேசை அவன் உருவத்துக்குக் குழிந்தது. அதில் வைத்து இழைத்த பம்பு மூடிகள் பொருந்தாமல் ஒழுகின. வேலை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

கைலாசத்தின் மனைவி கோமுவுக்குப் பொறுக்கவில்லை. "பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லாம நாம பாட்டுக்குத் தேச்சுக்கிட்டே இருந்தா எப்படி? போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள். அவருக்குத் தைரியம் வரவில்லை. அவளே பஸ் ஏறிப் போய் முத்துராணியை அழைத்துவந்தாள்.

முத்துராணி மேசையைச் சுற்றி நடந்து பார்த்தாள். அழவில்லை. அன்று அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தான்.

"சளி புடிச்சா இப்படித்தான் சாஞ்சி படுப்பான்" என்றாள். தோள் இருந்த இடத்தைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தாள். "இத்தன நாளும் இவனத் தேச்சீயளா?"

"பட்டற ஓடணும்லாம்மா" என்றார் கைலாசம்.

"தேச்ச பொடிய எங்க போட்டீய?"

கைலாசம்தான் சொன்னார். "சாக்கடைல."

முத்துராணி கிரீஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எம் புள்ளய ரெண்டு தடவ தண்ணில விட்டுட்டீயளே" என்றாள். கைலாசம் காலில் விழப்போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

பிறகு வெள்ளைத் துணியும் தேங்காயெண்ணெயும் கேட்டு வாங்கினாள். யாரையும் கிட்டே விடாமல் பாதத்திலிருந்து தொடங்கினாள். எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். முகத்தைக் கடைசியில் எடுத்தாள். அவள் முடிக்கும்வரை ஒரு மெஷினும் ஓடவில்லை. துணியை மூட்டையாகக் கட்டித் தூக்கியபோது அது கைக்குழந்தை கனம் கனத்தது. கார் வேண்டாம் என்றுவிட்டாள். பஸ்ஸில் கண்டக்டரிடம் "எனக்கும் எம் மவனுக்கும்" என்று சொல்லி டிக்கெட் கேட்டாள். மடியைப் பார்த்துவிட்டு அவரும் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

உவரியில் கோயில் மணி அடித்து, சாமியார் ஜெபம் சொல்லி, சின்னப் பெட்டியில் அடக்கம் நடந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் தயங்கி நின்ற கைலாசத்தை முத்துராணி கூப்பிட்டாள். "நீருதான அனுப்புனீரு. நீரும் ஒரு பிடி மண்ணு போடும்." அவர் போட்டார். அதற்குமேல் அவள் அவரோடு பேசவில்லை.

அடுத்த ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் சத்தியநேசன் மறுபடி வந்தான், கொஞ்சம் மங்கலாக. யாரும் உப்புத்தாளைத் தொடவில்லை. கோமு உவரிக்குப் போன் செய்தாள். முத்துராணி துணியோடு வந்து, எடுத்துக்கொண்டு போனாள். போன வருஷமும் வந்தாள். குழியை முழுக்க மூடாமல், மேலே ஒரு பலகையைப் போட்டு வைத்திருக்கிறார்களாம். கைலாசம் அந்த மெஷினில் வேலை எடுப்பதில்லை, விற்கவும் இல்லை. மழைக்காலத்துக்கு முன்னால் மற்ற எல்லா இரும்புக்கும் தடிமனாகக் கிரீஸ் பூசுகிறார்கள். அந்த மேசையை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்டால், அருணாசலம் கையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: "அவனுக்கு மூச்சு முட்டும்லா வே."