அரக்குப் புடவை

காலை பத்தே காலுக்குக் கரண்ட் வந்தது. நதியா கம்ப்யூட்டரைப் போட்டாள்.

சின்ன காஞ்சிபுரத்தில் அவளும் புருஷன் டேனியலும் நடத்திய கல்யாண வீடியோ கடையில் கேமரா அவன் தோளில். வெட்டி ஒட்டிக் கோப்பது அவள் கையில். டேப்பிலிருந்து டேப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்த வரையில், "பொண்ண கலரா காட்டுமா" என்று கேட்கும் அம்மாக்களிடம், மிஷினில் அந்த வசதி இல்லை என்று சொல்லித் தப்பித்து வந்தாள். போன மாதம் கம்ப்யூட்டர் வந்தது. சாக்கு போயிற்று.

சாஃப்ட்வேர் இரண்டு இருந்தன. ஒன்று கம்ப்யூட்டரோடு வந்தது. அதில் வெளிச்சத்தைக் கூட்டினால் மண்டபமே சேர்ந்து வெளுக்கும். மற்றது டேனியல் சென்னையிலிருந்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க வாங்கி வந்தது. அதில் முகத்தை மட்டும் தனியே பிடித்து வெளுக்கலாம். அந்த மாதம் இன்றோடு முடிகிறது.

"வாங்கிடலாம் நதியா. ஊரே இதத்தான் கேக்குது."

"நானே கறுப்பு. எந்தக் கையால இன்னொரு பொண்ண வெளுக்கறது?"

"கறுப்புன்னு தெரிஞ்சுதானே உன்ன கட்டிக்கினேன்."

"தெரியாம கட்டறதுக்கு உனக்கு கண்ணா இல்ல? கேமராக்காரன்."

"கண்ணு இருந்ததாலதாம்மா கட்டிக்கினேன்."

சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

பதினோரு மணிக்கு முனிரத்தினமும் கிருஷ்ணவேணியும் வந்தார்கள். மகள் ஹேமலதாவின் கல்யாண வீடியோவைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். முகூர்த்தப் புடவையை நெய்தவர் முனிரத்தினமே. பட்டு நூல் சுற்றிக் கொடுத்தவள் கிருஷ்ணவேணி.

எந்த சாஃப்ட்வேரில் திறப்பது? நதியா கம்ப்யூட்டரோடு வந்ததில் திறந்தாள். டேனியல் புருவத்தைத் தூக்கினான். அவள் பார்க்கவில்லை.

தாலி கட்டும் இடம் வந்ததும் கிருஷ்ணவேணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மொகத்த கொஞ்சம் கலராக்கும்மா. மாப்ள வூட்டுல எல்லாரும் பாப்பாங்க."

நதியா வெளிச்சத்தைக் கூட்டினாள். கம்ப்யூட்டர் அதை மென்று விழுங்க நாலு நிமிடம் ஆயிற்று. ஹேமலதா கோதுமை நிறத்துக்கு வந்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

கூட்டினாள். மறுபடி நாலு நிமிடம். முனிரத்தினம் எழுந்துவிட்டார்.

"இந்தாம்மா, நிறுத்து. யாரு இது?"

"உங்க பொண்ணுதாண்ணே."

"பொண்ணு இருக்கட்டும். பொடவ யாருது? நான் நெஞ்சது அரக்கு. இது ரோஸ்மில்க்கு."

"பொடவையா பெருசு?" என்றாள் கிருஷ்ணவேணி. "பெத்த பொண்ணு மூஞ்சி..."

"மூணு தடவ சாயத்துல முக்கி எடுத்த கலருடி. நாளைக்கு தெருவுல நாலு பேரு பாத்துட்டு இன்னா சொல்லுவான்? முனிரத்தினம் தறிப் பொடவ சாயம் போவுதும்பான்."

கிருஷ்ணவேணி திரையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி திரை.

டேனியலுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, இன்னொரு சாஃப்ட்வேர்ல..."

நதியா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"...டீ சொல்லட்டுமாண்ணே?"

"டீ இருக்கட்டும்பா" என்றாள் கிருஷ்ணவேணி. "முன்ன இருந்த மாதிரியே வச்சிடும்மா. சாயம் போவுதுன்னு பேரு வாங்கறதுக்கா நெஞ்சோம்?"

நதியா கூட்டியதையெல்லாம் குறைத்தாள். அரக்கு திரும்பி வந்தது. அதோடு ஹேமலதாவும் திரும்பி வந்தாள், தன் கறுப்போடு, தலை குனிந்து சிரித்துக்கொண்டு.

"இது கலரு" என்று முனிரத்தினம் உட்கார்ந்தார்.

கிருஷ்ணவேணி நெடுநேரம் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தானே இருக்கறா" என்றாள், யாரையும் கேட்காமல்.

அவர்கள் போனதும் டேனியல் காலைத் தேய்த்துக்கொண்டான். "எலும்பு ஒடஞ்சிருக்கும்."

"ஒடையல. இந்த ஊர்ல எவனும் பொடவ கலர விட்டுக் குடுக்க மாட்டான். பொடவையோட சேந்து மூஞ்சியும் தப்பிச்சிக்கும். நமக்கு இந்த சாஃப்ட்வேரு போதும்."

"அடிப்பாவி." அவன் குரலில் கோபம் இல்லை. அவள் பின்னால் வந்து நின்று உச்சந்தலையில் முகவாயை வைத்தான். அவள் புது சாஃப்ட்வேரை அழிக்கவா என்று கேட்கும் பெட்டியைத் திரையில் திறந்தாள். அம்புக்குறி 'ஆம்' மேல் போய் நின்றது.

"வர்ற மாசம் ஐயம்பேட்டையில உன் தங்கச்சி லில்லிக்கு கல்யாணம். அவளும் உன் கலருதான். அவள வெளுப்பா காட்டணும்னு உங்கம்மா இப்பவே சொல்லிக்கினு இருக்காங்க. சர்ச்சு கல்யாணம், வெள்ளப் பொடவ நதியா. எவ்ளோ வெளுத்தாலும் அது வெள்ளதான். அங்க யாரு எழுந்து நிறுத்தச் சொல்லுவா?"