கட்டு மாறிய கை

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இந்தக் கதையை எழுதுகிறவன், இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு கதாநாயகனின் இடது கையிலிருந்த மாவுக்கட்டை வலது கைக்கு மாற்றிவிட்டான்.

(எழுதுகிறவன் என்றால் நான்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அதனால் இனிமேல் அவன் கதைக்காரன்.)

படத்தில் நாயகன் மாடிப்படியில் விழுந்து கையை உடைத்துக்கொள்கிறான். வீட்டுக்குள் அவன் தம்பியோடு சண்டை போடும் காட்சியை முதல் வாரம் எடுத்தார்கள். அழுதுகொண்டே வாசலைத் தாண்டித் தெருவுக்கு வரும் காட்சியை இருபது நாள் கழித்து எடுத்தார்கள். எந்தக் கையில் கட்டு, சட்டையில் எத்தனை பொத்தான் என்று குறித்துவைக்கும் உதவி இயக்குநர் கதைக்காரன். அவன் நாயகனுக்கு எதிரே நின்றான். தனக்கு வலப்பக்கம் தெரிந்ததை நோட்டில் 'வலது' என்று எழுதினான். அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. பட்டதாரி வேறு.

வாசற்படியைத் தாண்டுவதற்குள் கட்டு கை மாறிவிட்டது. தியேட்டரே சிரித்தது. மூன்றாம் நாளிலிருந்து சிரிப்பதற்கென்றே வந்தார்கள். இயக்குநர் அதற்குப் பிறகு சினிமா எடுக்கவில்லை, தொலைக்காட்சிக்குப் போய்விட்டார்.

2

அந்த இயக்குநரைப் பற்றித்தான் கதை. தொடக்கங்கள் பின்வருமாறு.

'திரையுலகின் மாபெரும்...' வேண்டாம். அவர் ஐந்தடி மூன்றங்குலம்.

'ஜன்னலுக்கு வெளியே மழை. இயக்குநர் அதையே வெறித்துப் பார்த்துக்...' சுத்தப் பொய். மழை என்றால் அவர் கேட்கும் ஒரே கேள்வி, 'தண்ணி லாரிக்கு யார் சொன்னது?'

'ஒரு கலைஞன் வீழ்ந்த கதை இது.' இது பத்திரிகை ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது. "வீழ்ச்சி நல்லா இருக்கு சார். கடைசியில படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்" என்றார். வரவைக்கலாம். அதற்கு முதலில் அந்த மனுஷன் விழவேண்டுமே. இரண்டு மாதமாகப் பிடித்துத் தள்ளுகிறான் கதைக்காரன்; அவர் விழ மறுக்கிறார்.

3

அவர் செய்த வேலைகளைப் பாருங்கள். நாடகக் குழுவில் திரை இழுத்தார். அரசாங்கத்துக்காகக் கை கழுவுவதைப் பற்றி ஒன்பது நிமிடப் படம் எடுத்தார். நடிக்க வேண்டியவர் வராததால் தாமே கழுவிக் காட்டினார். முதல் சினிமா நகைச்சுவை, நூறு நாள் ஓடியது. இரண்டாவது சினிமா மாவுக்கட்டு. பிறகு மின்விசிறி விளம்பரம், குழந்தைகளுக்குப் பொம்மை நிகழ்ச்சி, சமையல் நிகழ்ச்சி,* ஆயிரத்து இருநூறு எபிசோடு ஓடிய நெடுந்தொடர், இப்போது வினாடி வினா.

* அவருக்கு வெந்நீர் மட்டும் போடத் தெரியும்.

அந்த நெடுந்தொடரில் மாமியாராக நடித்தவர் மூன்று முறை மாறினார். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு குரல் சொல்லும். மறுநாளே மருமகள் புது முகத்திடம் பழைய சண்டையைத் தொடருவாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. (முழு மாமியாரையே மாற்றினால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கட்டை மாற்றினால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்ன நியாயம் என்று வாசகர்களைக் கேட்கலாம். ஆனால் சிரித்தவர்களே நீங்கள்தான்.)

மின்விசிறி விளம்பரத்திலிருந்து அந்தத் தொடர்வரை எல்லாவற்றுக்கும் வசனம் எழுதக் கதைக்காரனைக் கூப்பிட்டவரும் அவரேதான், முதல் தடவை படம் கவிழ்ந்து இரண்டே மாதத்தில். ஏன் என்று சொல்லவில்லை. செட்டுக்கு விசிலடித்துக்கொண்டு வருவார். இங்கேதான் பாத்திரத்தின்மேலேயே சந்தேகம் வருகிறது. மனுஷன் நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறாரா, இல்லை கதைக்காரன் மனது நோகக்கூடாது என்று அடித்த விசிலா? இந்த மனிதரின் சினிமாவை முடித்துவைத்தது தானா, இல்லையா? அது தெரியாமல் அவனால் ஒரு வரி எழுதமுடியவில்லை. கதையை விடுங்கள், சரியாகத் தூங்கமுடியவில்லை.

கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். 'ஷாட் ஓகேவா சார்?' என்றால் 'வெளிச்சம் போகுது' என்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கேட்கப் போனான். சாப்பாட்டு மேசை முழுக்க மறுநாள் நிகழ்ச்சிக்கான கேள்வி அட்டைகள். பென்சிலும் கையுமாக இயக்குநர். எதிரே அவருடைய மனைவி, பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். படத்தொகுப்பாளர்; மாவுக்கட்டுப் படத்தை வெட்டி ஒட்டியவரும் அவர்தான். கூடப் பிறக்காவிட்டாலும் கதைக்காரனுக்கு அவர் அக்கா.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"நானும்தான். தலைகீழாத் தூங்குற பாலூட்டி எது?"

"வௌவால். சார், அந்தக் கட்டு..."

"ஆப்ஷன் குடுக்கறதுக்குள்ள சொல்லிட்டியே. ரொம்ப சுலபமோ?"

"அந்தக் கட்டு மாறாம இருந்திருந்தா நீங்க சினிமாவுலயே இருந்திருப்பீங்களா சார்?"

இயக்குநர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். "காபியா, டீயா?"

"இவர் இப்படித்தான் தம்பி," என்றார் அக்கா. "கல்யாணத்துக்கு சம்மதமான்னு எங்கப்பா கேட்டதுக்கு, மண்டபத்துல லைட்டிங் எப்படின்னு கேட்டவரு. அந்தக் கட்டை எடிட்டிங் டேபிள்லயே நான் பாத்துட்டேன்."

"ரிலீசுக்கு முன்னாடியே தெரியுமா அக்கா?"

"தெரிஞ்சு என்ன பண்றது? செட்டைப் பிரிச்சாச்சு. ஹீரோ அடுத்த படத்துக்கு மொட்டை போட்டுட்டான். ஃப்ரேமை இடம் வலமாத் திருப்பிப் போட்டேன், கட்டு சரியாயிடுச்சு. ஆனா பின்னாடி இருந்த மருந்துக்கடை போர்டுல எழுத்தெல்லாம் திரும்பிடுச்சு. ஒரு வாரம் சண்டை. ஜனங்க போர்டைப் படிப்பாங்க, கையைப் பாக்கமாட்டாங்கன்னு சொன்னது யாரு தெரியுமா? இதோ பென்சில் சீவுறாரே, இவரு."

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா."

"நீ கேக்கலையே."

5

கதைக்காரன் வீட்டிலேயே மூன்று முடிவுகள் எழுதி எடுத்துப் போயிருந்தான். ஒன்று: இயக்குநர் தோளில் தட்டி 'விடுப்பா' என்கிறார், இருவரும் அழுகிறார்கள். (பத்திரிகை ஆசிரியருக்கு.) இரண்டு: வெளியே போ என்கிறார். (கதைக்காரனுக்கு, இது ஒரு வகையில் நிம்மதி.) மூன்று: எந்தக் கட்டு என்று கேட்கிறார். (இதுதான் பயம்.) பிடித்ததை வாசகர் எடுத்துக்கொண்டு இங்கேயே இறங்கிவிடலாம். நான்காவதாக ஒன்று அந்த மேசையருகிலேயே மனதுக்குள் தொடங்கி, 'ஆனால் உண்மை என்னவென்றால்' என்று

நின்றுவிட்டது. ஏனென்றால் அக்கா பட்டாணித் தட்டை டொக்கென்று வைத்தார்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாவது நேரா பதில் சொல்லுங்க. இவன் சீரியல் எழுதுறவன். விட்டா இதையே ஆயிரம் எபிசோடு ஓட்டுவான்."

இயக்குநர் பென்சிலை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவருக்குக் கதைக்காரனின் முகம் சரியாகத் தெரியாது. அதற்காகவே கழற்றினாரோ என்னவோ.

"இருந்திருப்பேன்," என்றார். "அடுத்த படத்துக்குப் பணம் போட ஆள் ரெடியா இருந்தாரு. தியேட்டர்ல சிரிச்சாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே போன் எடுக்கறதை நிறுத்திட்டாரு. போர்டு விஷயத்துல முடிவு என்னுது. ஆனா நோட்டுல தப்பா எழுதினது நீ. பத்து வருஷம் உன்மேல கோவமா இருந்தேன், வசனம் எழுதக் கூப்பிட்டப்பவும்தான். அப்புறம் இல்ல."