கிணற்றுமேட்டில் எக்ஸ்ரே வண்டி

நெஞ்சைப் படம் பிடிக்கும் எக்ஸ்ரே வண்டி கொல்லங்கோட்டிலிருந்து வருகிறது என்று கேட்டதுமே மயிலாத்தாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்கு மாதக்கணக்காக விடாத இருமல். காசநோயோ என்று ஊர் முணுமுணுத்தது. இனி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

வண்டிக்கு வேண்டிய கரண்டு அவர்கள் கிணற்றுமேட்டு மோட்டார் ரூமில்தான் இருந்தது. "நம்ம லைன்லயே எடுத்துக்குங்க" என்று அவள் கணவன் சென்னிமலை பெருமையாகச் சொல்லிவிட்டான். எக்ஸ்ரே எடுக்கும் அமிர்தநாதன் தடித்த ஒயரை இழுத்து மாட்டினார். வண்டிக்குள் இயந்திரம் உறுமியதும் கூட்டம் ஆர்ப்பரித்தது.

"மொதல்ல நான் போறனுங்க!"

மயிலாத்தாள் சேற்றில் வெறுங்காலோடு ஓடி வண்டியின் கைப்பிடியைத் தொட்டாள். சுரீரென்று தோள்வரை ஏறியது. கை தானாக உதறிக்கொள்ள, மல்லாந்து விழுந்தாள். பின்னாலேயே வந்த பக்கத்துத் தோட்டத்து மருதாத்தாள், இடுப்பில் குழந்தையோடு அதே கைப்பிடிக்குக் கை நீட்டினாள்.

"தொடாதே மருதா! வண்டீல கரண்டு பாயுது! ஏனுங்க, மெயினை அமத்துங்க!" என்று விழுந்த இடத்திலிருந்தே மயிலாத்தாள் அலறினாள்.

மருதாத்தாள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சென்னிமலை ஒரே பாய்ச்சலில் போய் மெயினை இறக்கினான்.

அமிர்தநாதன் வெளிறிப்போய் இறங்கினார். "உள்ளே ரப்பர் விரிப்பு மேல நின்னேன், எனக்கு ஒண்ணுமே தெரியலையே!" என்றவர், மோட்டார் ரூமின் எர்த் கம்பி போன வழியே நடந்தார். வரப்பில் அது அறுந்து கிடந்தது.

சென்னிமலை தலையைச் சொறிந்தான். "போன வாரம் உழுதப்ப கொழு பட்டிருக்குமுங்க. மோட்டார் ஓடுச்சுன்னு நானும் கவனிக்கலீங்க."

"மோட்டார் ஓடத்தான் செய்யும். கசியற கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லேன்னா, தொடறவங்க உடம்பு வழியாத்தான் போகும். மாட்டறதுக்கு முந்தி நான் பாத்திருக்கணும்."

அப்புறம் ஊரே பறந்தது. குப்பண்ணன் கடப்பாரை கொண்டுவந்து புது எர்த்துக்கு வாய்க்காலோரம் குழி தோண்டினார். மண் கரண்டை நன்றாக இழுக்கட்டும் என்று பெண்கள் உப்பும் அடுப்புக்கரியும் முந்தானையில் அள்ளி வந்து அதில் கொட்டினார்கள். புதுக் கம்பி இறங்கியது. வண்டிக்குள் தோல் உரிந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்த ஒயரையும் அமிர்தநாதன் மாற்றினார். படிக்கட்டின் கீழே காய்ந்த பலகை போட்டார்கள். அமிர்தநாதன் மெயினைப் போட்டு டெஸ்டரை வண்டியில் வைத்தார், அதன் விளக்கு எரியவில்லை; கசிவு நின்றுவிட்டது.

ஆனாலும் ஒருவரும் நகரவில்லை.

மயிலாத்தாள் சேலையை உதறிச் செருகிக்கொண்டு பலகையில் ஏறினாள். கைப்பிடியை இறுகப் பிடித்தாள். "ஒண்ணுமில்லீங்க, வாங்க!" என்று கத்தியதும் கூட்டம் திமுதிமுவென்று வரிசை கட்டியது.

அடுத்த வாரம் முடிவு வந்தது. அவளுக்கு வெறும் மார்ச்சளிதான். குப்பண்ணனுக்குத்தான் நெஞ்சில் நிழல் தெரிந்தது. நல்லவேளை, காசநோயின் தொடக்கம்தான் என்று அன்றைக்கே மருந்து கொடுத்தார்கள்.